மூணு குட்டைப் பலகை

எம்.கே.பி. நகர்
5 ஜனவரி 2025, ஞாயிறு

ஜெஸ்லின்,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக இரண்டு பைனாகுலர்களையும் துடைத்து வைத்தேன். உன்னுடையது போன மாதத்திலிருந்து என்னிடம்தான் இருக்கிறது. கண் வைக்கும் இடத்தில் உன் மை ஒட்டியிருந்தது. வாயால் ஊதி, பழைய பனியன் துணியால் துடைத்துவிட்டு, இந்த வாரமாவது மை வைக்காமல் வரச் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு, தலைவலி, வரவில்லை என்று உன்னிடமிருந்து செய்தி வந்தது. பரவாயில்லை என்று தனியாகவே போனேன். மூணு குட்டைப் பறவைக் காப்பகத்தின் வாசலில் புதுப் பலகை நட்டிருந்தார்கள். சிமெண்டு இன்னும் காயவில்லை. ‘எச்சரிக்கை. இங்கே வலை வீசுவோர் காவல்துறையிடம் ஒப்படைக்கப்படுவர்’ என்று சிவப்பு எழுத்து. அதன் கீழே ஒரு படம். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு ஆள் நிற்கிறான். தலையளவு தூக்கிய வலது கையில் வலை தொங்குகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, பிடிபட்டவன் மாதிரி கேமராவைப் பார்க்கிறான்.

என் தம்பி வரதன்.

வாசலில் இருந்த வாட்ச்மேன் வேம்பு என்னைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டு மிதித்தான். “இன்னாக்கா, தம்பிய மாட்டி வச்சிட்டானுங்களே? நேத்து சாயங்காலம்தான் நட்டானுங்க. நான் கேட்டேன், இது நம்ம வரதனாச்சேன்னு. ஒன் வேலயப் பாருன்னுட்டாரு சங்கத் தலைவரு.”

அந்தப் படத்தை எடுத்தது நீ. நவம்பர் மழை விட்ட பிறகு வந்த ஞாயிறு. இரண்டாம் குட்டையில் யாரோ விட்டுப்போன கிழிந்த வலையில் ஒரு நீர்க்காகம் சிக்கி அடித்துக்கொண்டிருந்தது. வரதன் குட்டைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பிலிருந்து, காப்பகச் சுவரின் இடைவெளி வழியாக நமக்கு டீ கொண்டுவந்தான். டீத் தூக்கை உன் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். நீ கரையிலிருந்து “பாம்பு இருக்கும் வரதா, பாத்து” என்று கத்தினாய். அவன் இடது கக்கத்தில் பறவையை இடுக்கிக்கொண்டு வலது கையால் வலையைப் பிய்த்து எடுத்தான். அது அவன் கையைக் கொத்திக் கிழித்தது. “இன்னாடா கொத்தறே, ஒன்னியத்தான்டா காப்பாத்திகினு கீறேன்” என்று அதனோடு சண்டை போட்டான். நீ சிரித்துச் சிரித்து, கை ஆடிப்போய், மூன்றாவது முறைதான் படம் ஒழுங்காக வந்தது. ஃபிரேம் போட்டுத் தருகிறேன் என்றாய்.

நம் பறவைக் குழுவின் வழக்கம் உனக்குத் தெரியும். எடுக்கிற எந்தப் படத்திலும் ஆளை வெட்டிவிட்டுப் பறவையை மட்டும்தான் அனுப்புவோம். இதில் பறவையை வெட்டிவிட்டு ஆளை வைத்திருக்கிறார்கள்.

நான் குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன். உன் எண்ணையும் தடுத்துவிட்டேன். போனில் பேசினால் கத்திவிடுவேன். எழுதினால் கொஞ்சம் நிதானம் வரும் என்று எழுதுகிறேன். இரண்டு விஷயம் வேண்டும். முழுப் படம். அதை வெட்டியது யார் என்ற பதில்.

மதி


திருவொற்றியூர்
9 ஜனவரி 2025

அன்புள்ள மதிக்கு,

உன் கடிதம் கடை முகவரிக்கு வந்தது. கடைக்கு வரும் தபாலை எல்லாம் வீட்டுக்காரரின் அண்ணன், பெரியத்தான்தான் பிரிப்பார் என்று உனக்குத் தெரியும். நல்ல வேளை, அன்று அவர் சரக்கு பார்க்கப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் ஆன்றோ வாங்கி, பேசாமல் என்னிடம் கொடுத்தார். இனிமேல் வீட்டு முகவரிக்கு எழுது.

தலைவலி பொய் இல்லை. நம்பாவிட்டால் போ.

பலகை வைப்பது குட்டைப் பாதுகாப்புச் சங்கத்தின் முடிவு. பெரியத்தான் சங்கத் தலைவர் என்பதற்காக நான் அதற்குப் பொறுப்பாக முடியுமா? படங்கள் எல்லாம் சங்கத்துக்குத்தான் அனுப்புகிறோம். அதில் எதை யார் எடுத்து என்ன செய்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பலகையில் அவன் பெயர் இல்லை. பார்க்கிறவர்களுக்கு அவன் யாரோ ஒரு ஆள். நீ அவனுடைய அக்கா என்பதால் உனக்குப் பட்டென்று தெரிகிறது. மற்றவர்கள் யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள்?

வலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மைதானே. அந்த நீர்க்காகம் சிக்கிய வலை எங்கிருந்து வந்தது? சுவர் இடைவெளி வழியாகத்தான் வந்தது. உங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் குட்டையைக் காப்பாற்ற வேண்டும் என்று நாம் இரண்டு பேரும்தானே முதலில் மனு கொடுத்தோம்? அதற்கு ஏதாவது செய்யத்தானே வேண்டும்?

முழுப் படத்தைத் தேடிப் பார்க்கிறேன். போன் மாற்றியதில் நிறையப் போய்விட்டது.

குழுவுக்குத் திரும்பி வா, மதி. பிப்ரவரியில் பறவைக் கணக்கெடுப்பு. வாத்து வகைகளை நீ இல்லாமல் யார் பிரித்துச் சொல்வார்கள்?

ஜெஸ்லின்


எம்.கே.பி. நகர்
16 ஜனவரி 2025, காணும் பொங்கல்

ஜெஸ்லின்,

“யாரோ ஒரு ஆள்” என்று எழுதியிருந்தாய். அந்த யாரோ ஒரு ஆளுக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

பலகையை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருக்கிறார்கள். துறைமுகத்தில் வரதன் வேலை பார்க்கும் கான்ட்ராக்டருக்கும் அது போயிருக்கிறது. கப்பலில் கன்டெய்னர் கட்டும் வேலைக்கு ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் கூப்பிடுவார்கள். இப்போது இவனைக் கூப்பிடுவதில்லை. நேரில் போய்க் கேட்டிருக்கிறான். “ஒம்மேல தப்பில்லாம இருக்கலாம்பா. ஆனா போட்டோ சுத்திகினு கீது. கொஞ்ச நாள் போவட்டும்” என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். எவ்வளவு நாள் போனால் ஒரு படம் சுற்றுவது நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

அவன் வழக்கம்போல விளையாட்டாகத்தான் சொன்னான். “இன்னாக்கா, எலெக்சன்ல நிக்கவேயில்ல, அதுக்குள்ள நம்ம மூஞ்சி போர்டுல வந்துகீது?” அம்மா சிரிக்கவில்லை. “எவன்டா எடுத்தான் அந்தப் போட்டோவ?” என்றாள். வரதன் பேச்சை மாற்றினான். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். உன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. இந்த வீட்டில் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறாய். நீ வந்தால் அம்மா மீன் தலையை உனக்கென்று எடுத்து வைப்பாள். அவளிடம் எப்படிச் சொல்வது?

இன்று மாலை குட்டைப் பக்கம் போனேன். உள்ளே போகவில்லை. காணும் பொங்கலுக்கு எங்கள் வாரியக் குடியிருப்புக்காரர்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு மூணு குட்டைக்கு வருவது நீ பார்த்ததுதான். போன வருடம் அஜீசுன்னிசாக்கா நம் இருவருக்கும் கரும்பு வெட்டிக் கொடுத்தாளே, ஞாபகம் இருக்கிறதா? இந்த வருடம் சுவர் இடைவெளியை ஹாலோ பிளாக் வைத்து அடைத்துவிட்டார்கள். ஜனங்கள் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தால் ஆதார் கேட்கிறார்கள். அஜீசுன்னிசாக்கா பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு, “குட்டையப் பாக்க ஆதாரா? அந்தக் கொக்குங்ககிட்ட வாங்கினீங்களாப்பா?” என்று வேம்புவைக் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சோற்று மூட்டையோடு பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒரு பிள்ளை, “அது வரதன் மாமாதானே?” என்று சத்தமாகக் கேட்டது. அதன் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் திரும்பிப் போனார்கள்.

இடைவெளியை அடைக்க மாநகராட்சி அனுமதி வேண்டும், அதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்று தலைவர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. காரணம் கிடைத்துவிட்டது.

நானும் பலகையின் கிட்டே போய் நின்று பார்த்தேன். அவனுடைய இடது கை முழங்கைக்கு முன்னால் நின்றுவிடுகிறது. தோளைப் பார்த்தால் கக்கத்தில் எதையோ இடுக்கியிருக்கிறான் என்று தெரிகிறது. ஆனால் ஒரு இறகு கூடத் தெரியவில்லை. வால் இறகு அவன் இடுப்பு வரை விரிந்திருந்தது. அதற்குள் புகுந்து, தோளைச் சிதைக்காமல், வலையை விடாமல் வெட்டியிருக்கிறார்கள். அங்கே ஒரு பறவை இருந்ததே தெரியக் கூடாது என்று நினைத்தவர்தான் இவ்வளவு கவனமாக வெட்டுவார். அந்த முழுப் படம் சங்கத்தில் வேறு யாரிடமும் இல்லை. நீ அதைக் குழுவில் போடவேயில்லை. ஃபிரேம் போட்டுத் திடீரென்று தர வேண்டும் என்று வைத்திருந்தாய்.

ஒரு வார்த்தை இன்னும் உறுத்துகிறது. “உங்கள் ஆட்கள்” என்று எழுதியிருக்கிறாய். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து உன்னைத் தெரியும். உன் வாயிலிருந்து இதை நான் கேட்டதில்லை. நாம் வாதம் செய்யும்போதுகூட, “உங்க ஏரியா” என்றுதான் சொல்வாய். சங்கக் கூட்டத்தில் கேட்டுக் கேட்டு வந்ததா, இல்லை, முன்பே உள்ளே இருந்ததா? எனக்கு இது தெரிந்தாக வேண்டும்.

மதி


திருவொற்றியூர்
22 ஜனவரி 2025

மதி,

நான்தான் வெட்டினேன்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் அடுப்பில் குழம்பை இறக்கிவைத்துவிட்டு வந்தேன். இனி எழுத முடியும் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் கூட்டம் எங்கள் கடை மாடியில் நடந்தது. நான் காப்பி கொண்டுபோனேன். பெரியத்தான் எல்லார் முன்னாலும், “ஏ ஜெஸ்லின், நீ ஞாயித்துக்கிழம தோறும் அங்ஙனதான கெடக்க? வலையோட நிக்க ஒருத்தன் படமாவது ஓங்கிட்ட இருக்காதா? சும்மா காக்காயையும் குருவியையும்தான் புடிச்சிட்டு வாறியா?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து, தவசிமுத்து அண்ணாச்சி என்று ஊரே எழுந்து நிற்கும் அந்த மனிதர் என்னிடம் கேட்டதெல்லாம் காப்பியும் சாப்பாடும்தான். முதல் முறையாக என் கையில் இருந்த ஒன்றைக் கேட்டார். “இருக்கு” என்று வாய் சொல்லிவிட்டது.

வலையோடு யாரோ தெரியாத ஆள் நிற்கிற படம் எதுவும் என்னிடம் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. இருந்ததெல்லாம் வெறும் பறவைகள். மனிதன் இருந்த ஒரே படம் அதுதான். பறவையோடு கொடுத்திருந்தால், “இதுல அவன் நல்லதுதான செஞ்சிருக்கான்” என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். அதனால் வெட்டினேன். முகத்தையும் வெட்டத்தான் பார்த்தேன், மதி, ஆண்டவர் அறிய. முகத்தை வெட்டினால் வலையும் போனது.

எனக்கும் ஒன்று இருக்கிறது, கேட்டுக்கொள். வரதன் வந்துவிட்டால் நீங்கள் இருவரும் உங்கள் பேச்சில் பேசிச் சிரிப்பீர்கள். பாதி எனக்குப் புரியாது. கேட்டால், “அது ஒன்னுமில்ல, வுடு” என்பாய். நான் ஒரு பறவையின் பெயரைத் தப்பாகச் சொன்னால் குழுவில் எல்லார் முன்னாலும் திருத்துவாய். அன்று கரையில் அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன் என்று நீ எழுதியிருக்கிறாய். அப்படித்தான் இருந்தேன். எத்தனை ஞாயிறு இல்லாமல் இருந்தேன் என்பதை நீ எண்ணவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பாய். இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை.

“உங்கள் ஆட்கள்” என்று கேட்டிருக்கிறாயே. எழுதும்போது எனக்கு அது ஒரு வார்த்தையாகவே தெரியவில்லை. உன் கடிதத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது.

முழுப் படத்தை ஸ்டுடியோவில் பெரிதாகப் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். கான்ட்ராக்டரிடம் காட்டு. வேறு யாரிடமும் காட்டாதே. நான் வெட்டிக் கொடுத்தேன் என்று பெரியத்தானுக்குத் தெரிந்தால் பரவாயில்லை. சங்கத்துக்குத் தெரிந்தால் அவர் தலை குனிய வேண்டும். அப்புறம் அந்த வீட்டில் நான் எப்படி இருப்பது? ஆன்றோ தன் அண்ணன் பேச்சைத் தாண்ட மாட்டார். கணக்கெடுப்பு முடியட்டும். பலகையை நானே ஏதாவது சொல்லி எடுக்க வைக்கிறேன்.

அம்மாவிடம் என் பெயரைச் சொல்லிவிட்டாயா?

ஜெஸ்லின்


திருவொற்றியூர்
31 ஜனவரி 2025

மதி,

பதில் வரவில்லை. வரதனுக்கு மறுபடி வேலை கிடைத்துவிட்டதாக வேம்பு சொன்னான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இரண்டு நாளாகத்தான் சாப்பாடு இறங்குகிறது.

இனி இதை விட்டுவிடலாம் அல்லவா? நடந்தது நடந்துவிட்டது. யாருக்கும் நஷ்டம் இல்லாமல் முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாம் தேதி கணக்கெடுப்பு. காலை ஆறரைக்கு வாசலில் கூடுகிறோம். வந்தால் சந்தோஷப்படுவேன்.

ஜெஸ்லின்


எம்.கே.பி. நகர்
4 பிப்ரவரி 2025

ஜெஸ்லின்,

உண்மையை எழுதியதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். நன்றி வரவில்லை. உன் குறை நியாயமானது. நான் எல்லார் முன்னாலும் திருத்துகிறவள்தான். நாங்கள் சிரிக்கும்போது உனக்கு விளக்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோபத்தை என்னிடம் காட்டியிருக்கலாம். அவன் உனக்கு டீ கொண்டுவந்தவன்.

வேலை எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். கான்ட்ராக்டர் ஆபீசுக்கு அவனோடு நானும் போனேன். ஃபவாஸ் என்று ஒரு சின்ன வயது சூப்பர்வைசர். படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “இது இன்னா மேடம், காக்காவா?” என்றார். நீர்க்காகம் என்றேன். சிரித்தார். “சரி, போர்டுல இருந்த ஆளு இவருதான், ஆனா மேட்டரு வேறன்னு சொல்றீங்க. திங்கக்கெழம ஷிப்டுக்கு வரச் சொல்லுங்க.” அவ்வளவுதான்.

படியிறங்கும்போது வரதன், “போச்சுடா. காக்கா புடிச்சி வேல வாங்குனவன்னு துறைமுகம் பூரா சொல்லப் போறானுங்க” என்றான். நான் ரோட்டில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். கிளாசைப் பாதி குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

“ஏன்க்கா, அந்தக் காக்கா அன்னிக்கு மாட்டலன்னா?”

“இன்னாடா கேக்குற?”

“இல்ல, நான் சும்மா தண்ணில நின்னுகினு இருந்தன்னு வையி. குளிக்கப் போயிருந்தன்னு வையி. அப்பவும் போட்டோதான? அப்போ எதைக் காட்டுவே?”

நான் டீக்குக் காசை எண்ணி எடுத்தேன். அவனும் விட்டுவிட்டான். இன்னொரு டீ சொன்னான். ஆனால் அந்தக் கேள்வி வீட்டுக்கு வந்தும் போகவில்லை. என் தம்பி திருடன் இல்லை என்று சொல்ல ஒரு பறவையை அவன் கக்கத்தில் காட்ட வேண்டியிருந்தது. அஜீசுன்னிசாக்கா எதைக் காட்டுவாள்? சோற்று மூட்டையையா?

யாருக்கும் நஷ்டம் இல்லாமல் முடிந்தது என்று எழுதியிருக்கிறாய். சுவர் அடைத்தது அடைத்தபடி இருக்கிறது. பலகை நட்டது நட்டபடி இருக்கிறது. நேற்று ஆய்வகத்தில் வேலை முடிந்து திரும்பும் வழியில் இறங்கிப் பார்த்தேன். யாரோ அவன் முகத்தில் வெற்றிலை எச்சில் துப்பியிருந்தார்கள். கைக்குட்டையால் துடைத்தேன். வேம்பு தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். “வுடுக்கா, பேஜாராகாத” என்றான். நீயும் அந்த வழியாகத்தான் ஞாயிறுதோறும் உள்ளே போகிறாய். பார்க்காமல் போகப் பழகியிருப்பாய். பெரியத்தான் மீது எனக்கு இவ்வளவு கோபம் இல்லை. அவர் என்னோடு எந்தக் கரையிலும் நின்றதில்லை.

அம்மாவுக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. பெரிய படத்தைப் பார்த்ததும், “இதை எடுத்த பொண்ணு ஜெஸ்லின்தான?” என்றாள். தலையாட்டினேன். படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் எடுத்துகீறா” என்றாள். இந்த வாரம் மீன் வாங்கினாள். தலையை வரதனுக்கு வைத்தாள்.

படத்தை இந்த உறையிலேயே திருப்பி அனுப்புகிறேன். என்னிடம் வேறு பிரதி இல்லை. கான்ட்ராக்டரிடமும் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு நான் வாசலில் இருப்பேன். ஊருக்குப் பொதுவான கணக்கெடுப்பு. வர எனக்கு யார் அனுமதியும் வேண்டாம். பெரியத்தான் பேசி முடித்ததும், யாருக்காவது ஏதாவது கேட்கணுமா என்று வழக்கம்போலக் கேட்பார். வழக்கம்போல யாரும் கேட்க மாட்டார்கள். நான் கையைத் தூக்குவேன். பலகையைக் காட்டி, “இந்தப் படத்தை எடுத்தவர் இங்கேயே நிற்கிறார். வெட்டிய பக்கத்தில் என்ன இருந்தது என்று அவரே சொல்லட்டும்” என்பேன். உன் பெயரைச் சொல்லித்தான் கேட்பேன்.

நீ சொல்லலாம். தெரியாது என்றும் சொல்லலாம். தெரியாது என்று நீ சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன். பாக்கெட்டிலிருந்து எதையும் எடுத்துக் காட்டவும் மாட்டேன். இந்த முறை பறவை வந்து சாட்சி சொல்லக் கூடாது. நீ சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நீ சொல்லாமல் நிற்க வேண்டும்.

வரதனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பான். அம்மாவிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் முன்கூட்டியே சொல்கிறேன். அந்தப் பலகை நடுவதற்கு முன்னால் நீ எனக்கு இதைக்கூடச் செய்யவில்லை.

மதி